பதுளை மலையில் ஒரு சீட்டுக் கச்சேரி

"பிரிட்ஜ் பார்க்கப் போகிறோம்" என்று சொன்னதுதான் நாம் செய்த பிழை.

2023-ஆம் ஆண்டு ஆவணி மாதம். கொழும்புக் கோட்டையில் இருள் பிரியுமுன் ஏறி அமர்ந்த பதுளைப் புகையிரதத்தில், எமக்கு எதிரே இருந்த அன்பர் எமது பிரயாணத்தின் நோக்கத்தை அன்புடன் விசாரித்தார். நாமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டோம். உடனே அவர், "அப்படியானால் பதுளை வரைக்கும் ஏன் போகிறீர்கள்? எல்லவிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து நடந்தே போகலாம். ஒன்பது வளைவு, அவ்வளவும் கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், ஓர் இரும்புத் துண்டு கிடையாது" என்று வர்ணிக்கத் தொடங்கிவிட்டார். நாம் தேடிச் செல்வது பாலத்தை அல்ல, சீட்டாட்டத்தை என்று விளக்கியபோது அவர் முகத்தில் இருந்த மரியாதை ஒரு மாற்றுக் குறைந்தது. சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளில்தான் நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். ஆகவே வாசகர்களுக்கு முதலிலேயே உறுதி கூறிவிடுகிறோம்: இந்தக் கட்டுரையில் வரும் ஆட்டத்தில் ஒரு சதக்காசும் கைமாறுவதில்லை. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 60 வயதான பிரணாப் பர்தனும் 56 வயதான சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் வென்று கொடுத்தது இந்த ஆட்டத்தில்தான். ஓடாமல், குதிக்காமல், நாற்காலியில் அமர்ந்தபடியே வென்றார்கள்!

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்ஜ் ஆட்டத்துக்கும் பாலத்துக்கும் உறவு இல்லை. 1886-இல் இலண்டனில் வெளிவந்த ஒரு சிறு பிரசுரத்தில் இதன் பெயர் 'பிரிட்ச்' என்று காணப்படுகிறது. ஆங்கிலேயர் நாவில் அது தமக்குத் தெரிந்த சொல்லாக உருமாறிவிட்டது. இன்று உலகெங்கும் ஆடப்படும் வடிவத்தை அமைத்தவர் ஹரோல்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வர். 1925-இல் பனாமாக் கால்வாய் வழியாகச் சென்ற கப்பலில், பொழுது போகாத நேரத்தில் நண்பர்களுடன் கூடி விதிகளைத் திருத்தினாராம். கடற்பிரயாணத்தில் பிறந்த ஆட்டம், கடல் கடந்து பிரிந்த இரு கிழவர்களை எப்படி ஒரே மேசையில் அமர்த்தியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

நாவலப்பிட்டி தாண்டியதும் புகையிரதம் மூச்சு வாங்க ஏறத் தொடங்கியது. எமது பெட்டியின் கோடியில் நான்கு வாலிபர்கள், முழங்கால்களின் மேல் செய்தித்தாளை விரித்து, 'முந்நூற்று நாலு' ஆடிக்கொண்டிருந்தார்கள். இலங்கைத் தமிழருக்கு இந்த ஆட்டத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மரண வீட்டில் இரவு விழித்திருக்கவும், தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் பொழுது போக்கவும் இதைவிட நல்ல துணை ஏது? கடல் கடந்து வாசிப்போருக்காக மட்டும் சொல்கிறோம். ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓரினத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. கேள்வி கேட்டு வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். ராஜாவை ஜாக்கு வெல்லும் இந்த விபரீத உலகத்தைப் பார்த்தால், ஆட்டத்தை அமைத்தவன் ஒரு பெரிய வீட்டு வேலைக்காரனாக இருந்திருப்பானோ என்று எமக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்த இருக்கையில் சிங்களக் குடும்பமொன்று 'ஓமி' ஆடிக்கொண்டு வந்தது. அதற்கும் 32 சீட்டுத்தான். அதற்கும் எதிரே பங்காளிதான். அவர்கள் சொல்லும் இஸ்கோப்ப, ஹாரத, ருயித, கலாபர என்ற இனப் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுப் போனவை. நாம் சொல்லும் கிளாவரும் அவர்கள் சரக்கே. துரும்பு என்பதை ஒல்லாந்தர் 'த்ரூஃப்' என்பார்கள்; போர்த்துக்கீசர் 'த்ருன்ஃபோ' என்பார்கள். கோட்டைகளைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். சீட்டுக்கட்டு மட்டும் நின்றுவிட்டது.

பட்டிப்பொலைதான் இப்பாதையின் மிக உயர்ந்த நிலையம். கடல் மட்டத்துக்கு மேல் 1,898 மீற்றர். அதைத் தாண்டியதும் காற்றே வேறாகிவிடுகிறது. ஊவாவின் ஆடி, ஆவணிக் காற்று ஈரமில்லாதது. இலையைக் கருக்குவது போல் வீசும். அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் தனி விலை. அப்புத்தளையில் மலை இரண்டாகப் பிளந்து தெற்குச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல என்று வரிசையாக வந்தன. எல்லவில் அரைப் பெட்டி காலியாயிற்று. அவ்வளவு பேரும் ஒன்பது வளைவுப் பாலத்துக்குத்தான். எதிர் இருக்கை அன்பர் எம்மை ஒரு முறை இரக்கத்துடன் பார்த்தார். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, சற்று முன்பு நின்ற அதே நிலையத்துக்கு அடியிலேயே குகையில் புகுந்து வெளிவருகிறது. மாலையில் பதுளை. 1924-இல் இங்கு வந்து சேர்ந்த பாதை இதற்கு அப்பால் ஓர் அடியும் நகரவில்லை.

பதுளை நகரத்தைப் பற்றி எழுத இது இடமல்ல. முத்தியங்கனை விகாரையும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியும் வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். மறுநாள் பிற்பகல் பசறை செல்லும் பஸ்ஸில் ஏறி, நமுனுகுலை மலை வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறி எட்டிப் பார்க்கும் பாதையில், ஒரு சிறு கடையருகே இறங்கினோம். அங்கே நின்ற பிள்ளையிடம் "கிளாக்கர் ஐயா வீடு எது?" என்று கேட்டது போதுமாயிருந்தது. பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு முன்னே நடந்தது.

கிளாக்கர் ஐயாவுக்கு அப்போது வயது 81. பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவர். பாதையோரத்தில் ஒரு சிறு வீடு, முன்னால் நாலு செவ்வந்திச் செடி. தோளில் கம்பளி. வெள்ளை வேட்டியின் மடிப்பு, இன்றும் பிரட்டுக்குப் போகிறவர் போல் கத்தி முனையாக இருந்தது. தேநீர் வந்தது. "தூள் எப்படி?" என்று கேட்டார். மிக நன்று என்றோம். "பொய். இது கடைத் தூள். நல்ல தூள் எல்லாம் கப்பல் ஏறிவிடும்" என்று சிரித்தார்.

அவர் பிரிட்ஜ் கற்ற கதை ஒரு மண்சரிவில் தொடங்குகிறது. 1965-ஆம் ஆண்டு, ஐப்பசி மழை. வெள்ளைக்காரப் பெரிய துரையின் பங்களாவில் சனிக்கிழமை தோறும் பிரிட்ஜ் நடக்கும். அன்று பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் இருவரும் பசறைப் பாதையில் மண் சரிந்து வர முடியாமற் போயிற்று. துரையும் துரைசாணியும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறார்கள். பிரிட்ஜுக்கு நான்கு பேர் வேண்டும். மூன்று பேரானாலும் முடியாது; ஐந்து பேரானாலும் முடியாது. தொழிற்சாலையிலிருந்து டீமேக்கரும் ஆபீஸிலிருந்து சின்னக் கிளாக்கரும் அழைக்கப்பட்டார்கள். இருவரும் முந்நூற்று நாலில் கெட்டிக்காரர் என்பது பங்களா அப்பு மூலம் துரையின் காதுக்கு எட்டியிருந்தது.

"துரை முன்னால் கதிரையில் உட்கார்வதா என்று பயந்து நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தோம்," என்றார் பெரியவர். "துரை சொன்னார்: சீட்டு மேசையில் துரையும் இல்லை, கிளாக்கரும் இல்லை என்று. ஆட்டம் முடிந்து எழுந்ததும் மறுபடி துரைதான். நாங்கள் பின்வாசலால்தான் போனோம்."

முந்நூற்று நாலு தெரிந்தவனுக்குப் பிரிட்ஜ் பாதி தெரிந்தது போலத்தான். இங்கே 52 சீட்டும் உண்டு, ஆளுக்குப் பதின்மூன்று. ஒவ்வொரு சுற்றும் ஒரு 'பிடி'. ஆட்டத்துக்கு முன் கேள்வி நடக்கும். ஆறுக்கு மேல் எத்தனை பிடி பிடிப்போம், எந்த இனம் துரும்பு அல்லது துரும்பே இல்லையா என்று ஏலம் கூற வேண்டும். முந்நூற்று நாலில் எண்ணை மட்டும் கேட்கிறோம். துரும்பு மறைவில் இருக்கும். பிரிட்ஜில் எல்லாம் வெளிச்சம். கேள்வியில் வென்றவரின் பங்காளி தம் சீட்டு முழுவதையும் மேசையில் மலர்த்தி வைத்துவிட்டுக் கை கட்டி இருக்க வேண்டும். அவருக்கு 'டம்மி' என்று பெயர். அவர் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, பெருமூச்சும் விடக் கூடாது. ஒருவர் கையில் வரக்கூடிய பதின்மூன்று சீட்டின் வகைகள் 63,501 கோடியே 35 இலட்சத்து 59 ஆயிரத்து 600 என்று கணக்கர்கள் சொல்கிறார்கள். அத்தனையையும் பங்காளிக்கு உணர்த்த ஆட்டம் அனுமதிக்கும் சொற்கள் பதினைந்தே. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். நான்கு இனமும் 'நோட்ரம்ப்'பும். பாஸ், டபிள், ரீடபிள். இந்தப் பதினைந்து சொல்லில்தான் இரண்டு மனம் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எமக்குத் தெரிந்த சில தம்பதிகள் பதினையாயிரம் சொல்லிலும் இதைச் சாதிக்கவில்லை!

அன்றிரவு தொடங்கிய கூட்டு ஒன்பது ஆண்டு நீடித்தது. பாதை சீரான பின்பும் சனிக்கிழமைகளில் இவ்விருவருக்கும் அழைப்பு வந்தது. துரை இல்லாத நாட்களில் டீமேக்கர் வீட்டு விறாந்தையில் அரிக்கன் விளக்கு வைத்து ஆடினார்கள்.

இதற்கிடையில் கொழும்பிலும் டில்லியிலும் வேறொரு சீட்டுக் கட்டுப் பிரிபட்டுக்கொண்டிருந்தது. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இந்திய வம்சாவளியினரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது. 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். யாரைக் கேட்டுப் பங்கிட்டார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். சீட்டைக் கேட்டா பங்கு போடுகிறார்கள்?

கிளாக்கர் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. டீமேக்கர் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு. 1974-இல் அவர் புறப்பட்டார். மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்த புகையிரதங்களில் ஒன்று அது. பதுளை நிலையத்தில் இரு வீட்டுப் பெண்களும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, ஆண்கள் இருவரும் முதல் நாள் இரவு ஆடிய ஆட்டத்தின் நாலாம் பிடியில் ராணியைப் போட்டது சரியா, பிழையா என்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்களாம். "அதை விட்டு வேறு எதைப் பேசினாலும் அழுகை வந்திருக்கும்" என்றார் பெரியவர். கோச்சி நகர்ந்தது. தலைமன்னார், கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் டீமேக்கருக்கும் ஒரு வேலை கிடைத்தது. இரண்டாம் ஆண்டு இங்கே தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையும் கப்பல் ஏறினார். நால்வர் மேசையில் கிளாக்கர் ஒருவரே மிஞ்சினார்.

சில காலம் நீலநிற விமானக் கடிதங்கள் ஓடின. ஒவ்வொன்றின் அடியிலும் பதின்மூன்று சீட்டு எழுதி, 'இந்தக் கைக்கு நீ என்ன கேட்பாய்?' என்று ஒரு வினா. பதில் வர மூன்று கிழமை. ஓர் ஆட்டத்தின் கேள்வி முடிய ஒரு வருஷம் ஆகும். 1983-க்குப் பிறகு கடிதங்கள் அருகின, பிறகு நின்றன.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சென்ற பின், 2020-ஆம் ஆண்டு பங்குனியில் நாடெங்கும் ஊரடங்கு. பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பேரன் வீட்டோடு அடைபட்டான். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த நீலக் கடிதங்களைப் படித்தான். முகநூலில் தேடினான். நீலகிரியில் குடியேறியோர் தம் பழைய தோட்டத்தின் பெயரை இன்றும் விடாமல் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அவனுக்கு உதவியது. ஒரு வாரத்தில் கோத்தகிரியில் டீமேக்கரின் பேத்தி அகப்பட்டாள். கல்லூரி மாணவி, அவளும் வீட்டோடு அடைபட்டவள். கையடக்கத் தொலைபேசியில் பிரிட்ஜ் ஆடலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

அந்தத் திரையை எமக்கும் காட்டினார்கள். பச்சைத் துணி விரித்தது போல் ஒரு மேசை. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு இருக்கைகள். வடக்கில் கிளாக்கர், தெற்கில் டீமேக்கர். மேற்கில் பேரன், கிழக்கில் கோத்தகிரிப் பேத்தி. கிழவர்கள் ஒரு கட்சி, இளையவர்கள் ஒரு கட்சி. ஒருவர் சீட்டை மற்றவர் காணாதிருக்கும் பொருட்டு, ஒரே வீட்டில் இருக்கும் தாத்தாவும் பேரனும் வெவ்வேறு மூலையில் அமர்கிறார்கள். தொலைபேசியே சீட்டைக் கலைத்துப் போடுகிறது. எண்ணிக் கணக்குச் சொல்கிறது. கையில் ஹார்ட்ஸ் இருக்க வேறு இனம் போட்டால் அது ஏற்றுக்கொள்வதில்லை. மேசையில் ஆடிய காலத்தில் இது பெரிய குற்றம். இப்போது குற்றம் செய்யவே வழியில்லை.

இரவு ஏழு மணிக்கு ஆட்டம். அங்கும் ஏழு, இங்கும் ஏழு. 1996 முதல் 2006 வரை இலங்கைக் கடிகாரம் இந்தியாவை முந்திக்கொண்டிருந்தது. நல்ல வேளையாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பெரியவரின் வீட்டுக்குள் அலை எட்டுவதில்லை. ஐம்பது படி ஏறி, மேலே பிள்ளையார் கோவில் திண்ணைக்குப் போக வேண்டும். 81 வயதில் கைத்தடியும் டோர்ச்சுமாகத் தினமும் ஏறுகிறார். மழை நாளில் குடை பிடிக்கப் பேரன்.

அன்று மாலை திண்ணையில் காத்திருந்தபோது பேரன் எம்மைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்றான். சொல்ல வேண்டுமோ, வேண்டாமோ என்ற தயக்கம் அவன் முகத்தில் இருந்தது.

பிரிட்ஜில் ஸ்டேமன் என்றொரு வழக்கு உண்டு. 1945-இல் அமெரிக்கர் ஸ்டேமன் எழுதி வெளியிட்டதால் அந்தப் பெயர். பங்காளி 'ஒன் நோட்ரம்ப்' என்று தொடங்கினால், நாம் 'டூ கிளாவர்' என்று கூறலாம். அதற்குக் கிளாவர் என்று பொருளல்ல. அது ஒரு வினா: 'உன்னிடம் ஸ்பேடோ ஹார்ட்ஸோ நான்கு உண்டா?' என்பது. உண்டென்றால் அந்த இனத்தைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் டயமண்ட் சொல்ல வேண்டும். எதுவானாலும் 'பாஸ்' சொல்லக் கூடாது. துரை பங்களாவில் இருவரும் கற்ற முதல் வழக்கு இதுவே.

"போன மாசிமாதம் ஒருநாள் தாத்தா 'டூ கிளாவர்' கேட்டார். அவர் பாஸ் சொல்லிவிட்டார்," என்றான் பேரன். "தாத்தா கையில் கிளாவர் இரண்டே சீட்டு. அவர் சீட்டு மலர்ந்ததும் பார்த்தால், நாலு ஸ்பேட் இருக்கிறது. மூன்று பிடி குறைந்து தோற்றார்கள். நானும் அவளும் சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை."

இரண்டு நாள் கழித்து அதுவே மறுபடியும் நடந்தது. கோத்தகிரிப் பேத்தி தனியாக எழுதியிருந்தாள்: தாத்தா இப்போதெல்லாம் கடைக்குப் போனால் வழி கேட்டு வருகிறார் என்று.

மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்குமுன் கிளாக்கர் ஐயா எல்லோரும் வாசிக்கும்படி ஓர் அறிவித்தல் எழுதச் சொன்னார். பங்காளிகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாட்டை எதிர்க் கட்சிக்கும் தெரிவித்தாக வேண்டும் என்பது பிரிட்ஜின் சட்டம். இரகசிய மொழி கூடாது. ஆகவே மறைக்க முடியாது. பேரன்தான் எழுதினான். 'மச்சான், எனக்கு வயதாகிவிட்டது. ஸ்டேமன் எல்லாம் மறந்து போகிறது. இனிமேல் நாங்கள் அதை ஆட வேண்டாம். கிளாவர் என்றால் கிளாவர்தான்.'

"தாத்தாவுக்கு ஒன்றும் மறக்காது," என்றான் பேரன். "1965-இல் ஆடிய கையை இன்றைக்கும் சொல்வார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லா வழக்கையும் நிறுத்திவிட்டார். தோல்விதான். நான் ஒருநாள் சொன்னேன்: அந்த இருக்கையில் ஓர் இயந்திரத்தை உட்கார வைக்கலாம் தாத்தா, அது மறக்காது என்று. இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை."

இயந்திரம் ஆடுவது உண்மைதான். 2022 பங்குனியில் பாரிஸ் நகரில் 'நூக்' என்ற கணினி நிரல் எட்டு உலகச் சாம்பியன்களை வென்ற செய்தியைப் பேரன் விவரமாகச் சொன்னான். நாம் ஒன்று கேட்டோம்: கேள்வியிலும் வென்றதா? இல்லை. அந்தப் போட்டியில் கேள்விப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. சீட்டாடுவது மட்டுமே பரீட்சை.

ஏழு மணி. மலைக்கு அப்பால் லயங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. திண்ணையின் ஒரு தூணருகே பெரியவர். மறு தூணருகே பேரன். நாம் பெரியவரின் பின்னால் அமர அனுமதி பெற்றோம், மூச்சு விடுவதில்லை என்ற நிபந்தனையில். திரையில் மூன்று இருக்கை நிரம்பியிருந்தது. தெற்கு மட்டும் காலி. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பெரியவர் தொலைபேசியைப் பார்க்கவில்லை, இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிஷம் தெற்கில் பெயர் வந்தது.

முதல் இரண்டு ஆட்டத்தையும் இளையவர்கள் வென்றார்கள். மூன்றாம் ஆட்டத்தில் தெற்கிலிருந்து 'ஒன் நோட்ரம்ப்' வந்தது. பெரியவர் கையில் நான்கு ஸ்பேட், நான்கு ஹார்ட்ஸ், மூன்று டயமண்ட், இரண்டு கிளாவர். பெரிய சீட்டுகளும் போதிய அளவு. ஸ்டேமன் கேட்பதற்கென்றே அச்சில் வார்த்தது போன்ற கை. பெரியவரின் பெருவிரல் கிளாவர் சின்னத்தின் மேலே ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. 'த்ரீ நோட்ரம்ப்' என்று அழுத்தினார். ஒன்பது பிடி பிடிக்க வேண்டும்.

எல்லோரும் பாஸ். பேரன் முதற் சீட்டை இறக்கினான். பெரியவர் இப்போது டம்மி. அவர் சீட்டெல்லாம் திரையில் மலர்ந்தன. அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. தொலைபேசியை முழங்காலில் வைத்துவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கோத்தகிரியில் ஒருவர் யோசிக்கத் தொடங்கினார். ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் இடையே கோவில் மணி அடித்து ஓயும் நேரம். ஓரிடத்தில் திரையே உறைந்துவிட்டதோ என்று பேரன் தலை தூக்கிப் பார்த்தான். உறையவில்லை. ஏழாம் பிடியில் தெற்கு ஒரு சிறிய டயமண்டை விட்டுக் கொடுத்தது. பிழை என்று எமக்குத் தோன்றியது. பெரியவரின் விரல்கள் கம்பளி நுனியை இறுக்கிப் பிடித்தன. இரண்டு சுற்றுச் சென்ற பிறகுதான் எமக்குப் புரிந்தது: அந்த ஒன்றை விட்டதால் மிச்ச டயமண்ட் முழுவதும் அவர் வசமாகியிருந்தது. எட்டு. ஒன்பது. ஆட்டம் முடிந்தது.

"பார்த்தீர்களா!" என்றார் பெரியவர். எம்மிடம் சொன்னாரா, பிள்ளையாரிடம் சொன்னாரா தெரியவில்லை.

அப்போது திரையின் அடியில் கோத்தகிரியிலிருந்து ஒரு வரி வந்தது. பேத்தி தட்டச்சு செய்திருப்பாள்; சொல் அவருடையது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு தொலைபேசியை எம்மிடம் நீட்டினார்.

'கிளாக்கர், உன் கையில் நாலு ஸ்பேட் இருந்திருக்கிறது. என் கையிலும் நாலு. நீ ஏன் டூ கிளாவர் கேட்கவில்லை?'

பேரன் தூணருகிலிருந்து எழுந்து வந்துவிட்டான். "தாத்தா, நான் எழுதவா? என்ன எழுத?"

பெரியவர் தலையாட்டினார். தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தாமே தட்டினார்.

'மறந்துவிட்டேன், மச்சான். அடுத்த ஆட்டம் போடு.'